ஏணி ஏன் மேல போனதும் சறுக்குது?

இந்த எபிசோடுல ஒரே ஒரு கேள்விதான். சுவர்ல சாய்ச்சு வச்ச ஏணி, முதல் நாலு படி ஏறும்போது அசையாம நிக்குது. மேல போனதும் அடிப்பக்கம் திடீர்னு சறுக்கிடுது. அதே ஆள், அதே எடை, அதே தரை. அப்போ என்னதான் மாறிச்சு?

பதில் பிளஸ் ஒன் பிசிக்ஸ்ல இருக்கு. டார்க். தமிழ்ப் பாடப்புத்தகத்துல 'திருப்பு விசை'. ஒரு விசை எவ்வளவு பெரிசுங்கிறது மட்டும் முக்கியமில்லை. சுழலும் புள்ளியில இருந்து அது எவ்வளவு தள்ளி வேலை செய்யுதுங்கிறதும் முக்கியம். ரெண்டையும் பெருக்கினா டார்க். கதவைக் கைப்பிடி பக்கம் ஒரு விரலால தள்ளிப் பாருங்க, அப்புறம் கீல் பக்கத்துல தள்ளிப் பாருங்க. வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

ஒரு பொருள் அசையாம இருக்க ரெண்டு நிபந்தனை உண்டு. விசைகள் ஒன்னையொன்னு சமன் செய்யணும். டார்க்குகளும் சமன் ஆகணும். முதலாவது மட்டும் போதாது. கார் ஸ்டியரிங்கை ஒரு கை மேல தள்ளுது, இன்னொரு கை கீழ இழுக்குது. மொத்த விசை பூஜ்யம். ஆனாலும் சக்கரம் திரும்புது. இந்த ரெண்டாவது நிபந்தனைதான் சுழற்சிச் சமநிலை.

இப்போ ஏணிக்கு வருவோம். நீளம் ஏறக்குறைய 4.1 மீட்டர், எடை 10 கிலோ. அடிப்பக்கம் சுவர்ல இருந்து 2 மீட்டர் தள்ளி இருக்கு. மேல் முனை 3.6 மீட்டர் உயரத்துல சுவரைத் தொடுது. ஏறுறவர் 60 கிலோ. ஒரு கிலோவுக்கு 10 நியூட்டன்னு வச்சா, ஏணி 100, ஆள் 600. சுவர் வழவழப்பானது, அங்கே உராய்வு இல்லைன்னு எடுத்துப்போம்.

எந்தப் புள்ளியைச் சுத்திக் கணக்குப் போடலாம்? எதையும் எடுக்கலாம், அது நம்ம இஷ்டம். ஏணியோட பாதத்தை எடுத்தா வேலை சுலபம். தரை கொடுக்கிற விசையெல்லாம் அங்கேயே வேலை செய்யுது. தூரம் பூஜ்யம், டார்க்கும் பூஜ்யம். மிச்சம் இருக்கிறது எடைகளும், சுவர் ஏணியைத் தள்ளுற விசையும்தான்.

கால் பங்கு ஏறியிருக்கும்போது ஆள் பாதத்துல இருந்து கிடைமட்டமா அரை மீட்டர் தள்ளி இருக்கார். 600 பெருக்கல் 0.5, அது 300. ஏணியோட எடை நடுவுல, 1 மீட்டர் தள்ளி, அது 100. மொத்தம் 400. இதை 3.6 உயரத்துல இருந்து சுவர் சமன் செய்யணும்னா, சுமார் 111 நியூட்டன் தள்ளணும். உச்சிக்குப் போனா? 1200 கூட்டல் 100, வகுத்தல் 3.6. சுமார் 361 நியூட்டன்.

சுவர் ஏணியை வெளிப்பக்கமா எவ்வளவு தள்ளுதோ, அவ்வளவு உராய்வைத் தரை கொடுத்தாகணும். ஆனா தரையால எவ்வளவு கொடுக்க முடியும்ங்கிறது, அது தாங்குற மொத்த எடையைப் பொறுத்தது. அது கீழ நின்னாலும் மேல நின்னாலும் 700 நியூட்டன்தான். இந்தத் தரையில அதுல 40 சதவீதம்தான் உராய்வு கிடைக்கும்னு வச்சுக்கோங்க. எல்லை 280. ஏணியில முக்கால்வாசி ஏறினதும் தேவை அதைத் தொட்டுடும். அதுக்கு மேல ஒரு படி வச்சா சறுக்கும்.

அதனால, "ரெண்டு படி ஏறிப் பார்த்தேன், ஸ்ட்ராங்காதான் இருக்கு"ங்கிறது சோதனையே இல்லை. விழப்போறது மூணு மீட்டர் உயரத்துல இருந்து.

தீர்வும் இதே கணக்குலதான் இருக்கு. பிரிட்டனோட பணியிடப் பாதுகாப்பு அமைப்பான எச்.எஸ்.இ. சொல்ற விதி: நாலு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு தள்ளி வைக்கணும். அதே ஏணியை 1 மீட்டர் தள்ளி வச்சா, மேல் முனை 4 மீட்டருக்குப் போகும். உச்சியில நின்னாலும் தேவை 163 தான். இன்னும் நிமிர்த்தி வச்சா இன்னும் நல்லதா? இல்லை. உடம்பு கொஞ்சம் பின்னாடி சாய்ஞ்சாலே எடை பாதத்தைத் தாண்டிடும்; டார்க் எதிர்ப்பக்கம் மாறி, ஏணி ஆளோட பின்னாடி சாயும்.

கீழ்ப்படியில இன்னொரு 60 கிலோ ஆள் ஏறி நின்னா? தரை தாங்குற எடை 1300. உராய்வு எல்லை 520 ஆகிடும். அவர் பாதத்துக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிறதால டார்க் கொஞ்சம்தான் கூடும். அதனாலதான் அந்தப் பழக்கம் வேலை செய்யுது. ஆனா மேல பெயிண்டர் நிக்கும்போது, கீழ நிக்கிறவர் டீ குடிக்க இறங்கினா எல்லை மறுபடியும் 280, தேவை 361.

உங்க வீட்ல யாராவது அடுத்த தடவை ஏணி போடும்போது, முதல்ல பாதத்துக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கிற தூரத்தைப் பாருங்க. தரை ஈரமா இருக்கா, ஏணிக்கால் ரப்பர் தேய்ஞ்சிருக்கான்னும் பாருங்க. அப்புறம் ஏறச் சொல்லுங்க.