பல் முளைக்காது, காது நிமிராது: ஜியு-ஜிட்சுக்கு எதை வாங்கணும், எதை விடணும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எடுத்துக்கிட்ட கேள்வி ரொம்ப நேரடியானது. "பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கிளாஸ் சேர்ந்திருக்கேன். பாதுகாப்புக்கு என்னென்ன வாங்கணும்?"

ஷாப்பிங் ஆப்ல தேடினா என்ன வரும்னு உங்களுக்கே தெரியும். ஹெட் கியர், ஷின் கார்ட், கிளவுஸ், முட்டிக்கு இரும்புக் கம்பி வெச்ச பிரேஸ், எல்லாம் வரிசையா நிக்கும். எல்லாத்தையும் கார்ட்ல போட்டா முதல் மாச ஃபீஸைவிட அதிகமாயிடும். அதுல பாதி உங்களுக்குத் தேவையே இல்லை. சிலது உங்ககூட பயிற்சி பண்றவரைக் காயப்படுத்தும்.

முதல்ல இந்தக் கலை எப்படிப்பட்டதுன்னு பார்த்துடலாம். ஜப்பான்ல ஜிகோரோ கானோ 1882-ல் ஜூடோவை ஆரம்பிச்சார். அவர்கிட்ட பயின்றவங்கள்ல ஒருத்தரான மிட்சுயோ மயேடா 1914-ல் பிரேசிலுக்குப் போனார். அங்கே கிரேசி குடும்பத்தோட கையில அந்தக் கலை தரையில் உருண்டு புரளும் கலையா வளர்ந்தது. இதுல குத்து கிடையாது, உதை கிடையாது. பிடிக்கிறது, மடக்குறது, கழுத்தை நெரிக்கிறது, மேல ஏறி அழுத்துறது, அவ்வளவுதான். அதனால பாக்ஸிங் கிளவுஸும் ஷின் கார்டும் இங்கே வேலைக்கு ஆகாது.

இங்கே வர்ற காயங்கள் வேற மாதிரி. உரசல், முறுக்கல், தெரியாம இடிபடுறது, தோல்ல தொற்று. எதை வாங்குறதா இருந்தாலும் ரெண்டு கேள்வி கேட்டுக்கங்க. ஒண்ணு, இந்த இடத்துல அடிபட்டா பழைய நிலைக்குத் திரும்புமா? ரெண்டு, இதை நான் மாட்டிக்கிட்டா எதிர்ல இருக்கிறவருக்கு என்ன ஆகும்? இந்த ரெண்டையும் வெச்சே மொத்த லிஸ்டையும் முடிச்சுடலாம்.

முதல் செலவு பல்லுக்கு

"குத்து இல்லைன்னு சொன்னீங்களே, அப்புறம் எதுக்கு மவுத் கார்ட்?" நியாயமான கேள்வி. ஆனா புதுசா சேர்ந்தவங்க கையும் காலும் எங்கே போகும்னு அவங்களுக்கே தெரியாது. ஒருத்தர் கீழேருந்து திமிறி எழும்போது அவரோட தலை உங்க தாடையில் இடிக்கும். காலைத் தூக்கி மாத்தும்போது குதிகால் வாயில படும். வேணும்னு யாரும் செய்யறதில்லை. பல்லுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. முளைச்ச நிரந்தரப் பல் விழுந்தா இன்னொண்ணு வராது.

மவுத் கார்ட்ல மூணு வகை இருக்கு. அப்படியே வாயில போடுறது முதல் வகை. அது சரியா உட்காராது, பேசினா விழும், கடைசியில பையிலேயே கிடக்கும். ரெண்டாவது, சுடுதண்ணியில போட்டு மென்மையாக்கி, வாயில வெச்சு கடிச்சு, உங்க பல் அமைப்புக்கு ஏத்த மாதிரி ஆக்கிக்கிறது. சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். ஆரம்பிக்கிறவங்களுக்கு இது போதும். மூணாவது, பல் டாக்டர்கிட்ட அச்செடுத்துச் செய்யறது. விலை கூட, ஆனா மூச்சு விடுறதும் பேசுறதும் சுலபம். பல்லுக்கு கம்பி போட்டிருக்கிறவங்க கடையில வாங்கி நீங்களா கடிச்சுப் பார்க்காதீங்க. உங்க டாக்டரைக் கேட்டு அதுக்கேத்ததை வாங்குங்க.

சரியா பொருந்தியிருக்கான்னு பார்க்க ஒரு சின்ன சோதனை. வாயைத் திறந்து வெச்சுக்கங்க. கார்ட் மேல் பல்லுலயே ஒட்டி நிக்கணும். விழாம இருக்க நீங்க கடிச்சுக்கிட்டே இருக்கணும்னா அது பொருந்தலைன்னு அர்த்தம்.

ஒருவேளை நிரந்தரப் பல் முழுசா கழன்று விழுந்துட்டா, வேர்ப் பகுதியைத் தொடாதீங்க. வெளியில தெரியுற வெள்ளைப் பகுதியைப் பிடிச்சு எடுங்க, தேய்ச்சுக் கழுவாதீங்க, பாலில் போடுங்க. உடனே, முடிஞ்சா ஒரு மணி நேரத்துக்குள்ள, பல் டாக்டர்கிட்ட போயிடுங்க. திரும்பப் பொருத்த வாய்ப்பு இருக்கு.

காது: பெருமையா, பிரச்சினையா?

மல்யுத்த வீரர்களோட காது காலிஃபிளவர் மாதிரி மடிஞ்சு தடிச்சிருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. கபீப் நூர்மகமதோவ் காதை நினைச்சுப் பாருங்க. சில ஜிம்ல அது ஒரு மெடல் மாதிரி. இளவட்டங்களுக்கு அதுமேல ஒரு ஆசையும் உண்டு.

உள்ளே நடக்கிறது இதுதான். காதோட குருத்தெலும்புக்குத் தனியா ரத்தக் குழாய் கிடையாது. மேல போர்த்தியிருக்கிற மெல்லிய சவ்வுலேருந்துதான் அதுக்கு ஊட்டம் வருது. காது நசுங்கும்போது, அழுத்தமா உரசும்போது, சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவுல ரத்தம் கட்டிக்கும். ஊட்டம் நின்னு போகும். குருத்தெலும்பு செத்து, அந்த இடத்துல கெட்டியான திசு தாறுமாறா வளரும். அப்புறம் அது நிமிராது. காது துவாரம் குறுகிப்போனா, இப்ப இதைக் கேட்டுக்கிட்டு இருக்கிற இயர்பட்கூட உள்ளே போகாது.

இயர் கார்ட் இதைப் பெருமளவு தடுக்கும். வாங்கும்போது நாடாக்கள் தாடைக்குக் கீழே இறுக்கமா நிக்குதான்னு பாருங்க. தளர்வா இருந்தா கழுத்துல பிடி விழும்போது நகர்ந்து கண்ணுல வந்து நிக்கும். கப் பகுதியில் துளைகள் இருக்கணும், இல்லைன்னா எதிராளி வாயால "தட்டிட்டேன்"னு சொல்றது உங்களுக்குக் கேட்காது. இன்னொண்ணு, இயர் கார்ட் மூளை அதிர்ச்சியைத் தடுக்காது. காதுக்கு மட்டும்தான் அது.

எல்லாரும் முதல் நாளே வாங்கணும்னு இல்லை. ஆனா கிளாஸ் முடிஞ்சதும் காது மேல் மடிப்பைத் தொட்டுப் பாருங்க. சூடா, வலியா இருந்தா ரெண்டு நாள் ஓய்வு குடுத்துட்டு கார்டோட திரும்பி வாங்க. மெத்துனு நீர் கோத்த மாதிரி வீங்கியிருந்தா, முதல் ஓரிரு நாளுக்குள்ள ஈஎன்டி டாக்டரைப் பாருங்க. அவங்க ரத்தத்தை வெளியேத்தி, திரும்பக் கட்டாம இருக்க அழுத்திக் கட்டுப்போடுவாங்க. ஜிம் ரூம்ல நண்பன் ஊசியால குத்தி எடுக்கிற வேலை மட்டும் வேண்டாம். குருத்தெலும்புல தொற்று வந்தா காதோட வடிவமே போயிடும்.

தோல்: உங்களுக்காக மட்டும் இல்லை

ராஷ் கார்ட்னு சொல்ற உடம்போட ஒட்டுற சட்டையும், கீழே லெக்கிங்ஸ் மாதிரி போடுற ஸ்பாட்ஸும், மேட்ல உரசித் தோல் வழண்டு போறதைக் குறைக்கும். கி, அதாவது அந்தத் தடிமனான பருத்தி உடுப்பு, போட்டுப் பயிற்சி பண்ணாலும் உள்ளே ராஷ் கார்ட் போடுறது நல்லது. பருத்தி டி-சர்ட் வேர்வையில் ஊறிக் கனத்துப் போகும், கழுத்துல விரல் மாட்டும். அதுக்கு பதில் இது.

ஆனா தோல்ல வர்ற பெரிய பிரச்சினை தொற்றுதான். படர்தாமரையும் ஸ்டாஃப் பாக்டீரியாவும் உடம்பு உடம்போட உரசுற எல்லா விளையாட்டிலும் சுத்தி வரும். சென்னை மாதிரி புழுக்கமான ஊர்ல இன்னும் கவனமா இருக்கணும். போட்ட உடுப்பைத் துவைக்காம மறுநாள் போடக் கூடாது. டிசம்பர் மழையில தடிமனான கி ஒரே நாள்ல காயாது. அதனால விலை உயர்ந்த ஒரு கி வாங்குறதைவிட, லேசான துணியில ரெண்டு வாங்குறது புத்திசாலித்தனம். மேட்லேருந்து இறங்கினா செருப்பு போடுங்க, பாத்ரூம் போயிட்டு வெறுங்காலோட மேட்ல ஏறாதீங்க. முடிஞ்சதும் சீக்கிரம் சோப்பு போட்டுக் குளிங்க.

வட்டமா சிவந்து அரிக்குதுன்னா நம்ம ஊர்ல முதல்ல செய்யறது மெடிக்கல் ஷாப்ல போய் "படர்தாமரைக்கு ஒரு கிரீம்" கேட்கிறது. அங்கே குடுக்கிற பல கிரீம்ல ஸ்டீராய்டு கலந்திருக்கும். ரெண்டு நாள்ல சிவப்பு குறையும், நமக்கும் சரியாயிடுச்சுன்னு தோணும். உள்ளே பூஞ்சை பரவிக்கிட்டே இருக்கும். வழக்கமான மருந்துக்கு அடங்காத ஒரு படர்தாமரைப் பூஞ்சைக்கு 2020-ல் வெச்ச பெயரே டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே. பேர்லயே இந்தியா இருக்கு. அதனால தோல் டாக்டரைப் பாருங்க. அவர் சரின்னு சொல்ற வரைக்கும் மேட் பக்கம் போகாதீங்க. மறைச்சுட்டுப் போனா ஒரே வாரத்துல கிளாஸ் முழுக்கப் போயிடும்.

விரலும் முட்டியும்

கி போட்டு விளையாடுறவங்களுக்கு விரல் மூட்டு வலி சகஜம். இதுக்குத் தனியா பிராண்ட் போட்ட டேப் வாங்கணும்னு அவசியம் இல்லை. மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற விளையாட்டு டேப்பை நீளவாக்குல ஒல்லியாக் கிழிச்சு, மூட்டுக்கு மேலேயும் கீழேயும் ஒரு சுத்து, நடுவுல உள்பக்கமா குறுக்கே ஒரு பெருக்கல் குறி. வீங்கின விரலைப் பக்கத்து விரலோட சேர்த்தும் கட்டலாம். விரல் நுனி வெளுத்துப் போனா ரொம்ப இறுக்கிட்டீங்கன்னு அர்த்தம்.

முட்டிக்கு நியோபிரீன் ஸ்லீவ் நல்லது. சூடா வெச்சுக்கும், மண்டி போடும்போது மெத்துனு இருக்கும், தோல் வழண்டு போகாது. ஆனா முட்டி முறுக்கிக்கிறதை அது தடுக்காது. ஸ்லீவ் போட்ட தைரியத்துல கூடுதலா இழுத்துப் பார்க்கிறவங்கதான் அதிகம் மாட்டிக்கிறாங்க. கம்பி வெச்ச பிரேஸ் டாக்டர் சொன்னா மட்டும். அதுவும் பயிற்சியாளர்கிட்டயும் எதிராளிகிட்டயும் சொல்லிட்டு.

கப் வேணுமா?

ஆண்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி. இங்கேதான் நம்ம ரெண்டாவது கேள்வி வேலை செய்யுது. நீங்க ஆர்ம்பார் போடும்போது எதிராளியோட கை உங்க தொடைகளுக்கு நடுவுல இருக்கும். அங்கே கெட்டியான பிளாஸ்டிக் கப் இருந்தா, அவர் முழங்கைக்குக் கீழே கல்லை வெச்சு நெம்புற மாதிரி. அவர் தட்டறதுக்குள்ள கை போயிடலாம். இதனாலதான் பெரிய போட்டிகளை நடத்துற ஐபிஜேஜேஎஃப் கூட்டமைப்பு கப்பையும், கெட்டியான பொருள்ல செஞ்ச மத்த கவசங்களையும், ஹெட் கியரையும் போட்டியில அனுமதிக்கிறதில்லை. இறுக்கமான கம்ப்ரெஷன் ஷார்ட்ஸ் பெரும்பாலானவங்களுக்குப் போதும்.

பெண்களுக்கும் அதே கணக்கு. ஸ்போர்ட்ஸ் பிரால கம்பியோ இரும்புக் கொக்கியோ இருக்கக் கூடாது. முடிக்கு ரப்பர் பேண்ட் மட்டும், கிளிப்பும் ஹேர்பின்னும் வேண்டாம்.

காசே இல்லாத பாதுகாப்பு

நகம் வெட்டுங்க, கால் நகமும் சேர்த்து. மோதிரம், மூக்குத்தி, மெட்டி, கழுத்துச் சங்கிலி எல்லாத்தையும் கழட்டுங்க. மோதிரம் துணியில மாட்டி இழுபட்டா விரல் தோலே உரிஞ்சு வந்துடும். கோயில்ல கட்டின கயிறு, ருத்ராட்சம், அரைஞாண் கயிறு பத்தி யாரும் பேசறதில்லை. கயிறுல விரல் மாட்டும், ஈரம் தங்கும், பூஞ்சை அங்கேயே குடியிருக்கும். கழட்ட மனசு வரலைன்னா குறைஞ்சது டேப் போட்டு ஒட்டிட்டு, அப்புறம் அதை நல்லா கழுவிக் காயவைங்க.

கடையில கிடைக்காதது

இப்ப லிஸ்ட்ல இல்லாததைப் பார்ப்போம். முழங்கை, தோள், முட்டி லிகமெண்ட், கழுத்து. இந்தக் கலையோட பிடிகள் எல்லாம் குறிவைக்கிறது இதைத்தான். இதுக்கு எந்தக் கடையிலயும் கவசம் கிடையாது. தட்டறது மட்டும்தான் வழி. கையால ரெண்டு தட்டு, கை மாட்டிக்கிட்டா வாயால.

எப்பத் தட்டணும்? "வலிச்சா தட்டு"ன்னு சொல்லிக் குடுப்பாங்க. அது எல்லாப் பிடிக்கும் பொருந்தாது. ஹீல் ஹூக்ல குதிகாலைத் திருகும்போது பாரம் போய்ச் சேர்றது முட்டியில. வலி தெரியுறதுக்குள்ள லிகமெண்ட் கிழிஞ்சிருக்கும். ஐபிஜேஜேஎஃப் 2021-ல்தான் இதை அனுமதிச்சது. அதுவும் கி இல்லாத போட்டிகள்ல, பெரியவர்கள் பிரிவுல, பிரவுன் பெல்ட், பிளாக் பெல்ட்டுக்கு மட்டும். கழுத்து நெரிப்பிலயும் அப்படித்தான். ரெண்டு பக்க ரத்தக் குழாயும் அடைபட்டா பத்து விநாடிக்குள்ள நினைவு போகலாம், பெரிசா வலிக்கக்கூட வலிக்காது. அதனால மாட்டிக்கிட்டோம்னு புரிஞ்ச உடனே தட்டுங்க, வலிக்காகக் காத்திருக்காதீங்க. எதிராளி தட்டினா உடனே விடுங்க. அவர் முட்டிக்கு நீங்கதான் கவசம்.

ஜிம் தேர்ந்தெடுக்கும்போதும் இதைப் பாருங்க. தட்டினவனைக் கிண்டல் பண்ற இடம்னா, வேற இடம் தேடுங்க.

சுருக்கமா சொல்லிடறேன். முதல் வாரம் மவுத் கார்ட், நகம் வெட்டி. முதல் மாசம் ராஷ் கார்ட் ரெண்டு, கம்ப்ரெஷன் ஷார்ட்ஸ், ஒரு ரோல் டேப். கி கிளாஸ்னா ரெண்டு லேசான கி. காது வலிக்க ஆரம்பிச்சா இயர் கார்ட். முட்டி உரசினா ஸ்லீவ். மிச்சக் காசை அடுத்த மாச ஃபீஸுக்கு வைங்க.

வாங்கி வெச்சிருக்கிற கியர்ல எது பையிலேயே தூங்குதுன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.