சொல்லின் மறைவில் ஒரு துயர்



மருந்து வழக்கொன்றிற்கும் இலக்கிய வட்டத்திற்கும் என்ன தொடர்பு என்னும் வினா எழலாம். அவ்வழக்கின் உயிர்நிலை ஒரு சொல்லாட்சி என்பதே விடை.

தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படுத்தும் நன்னூல். இறந்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது குழூஉக்குறி. மங்கலத்தில் சொல்வோரும் கேட்போரும் உண்மையை அறிவர். குழூஉக்குறியில் வெளியார் அறியார். இவ்வேறுபாடு ஈண்டு நினைவில் கொள்ளத்தக்கது.

பராக்செட்டின் என்னும் மனச்சோர்வு மருந்தை ஸ்மித்க்ளைன் பீச்சம் நிறுவனம் 275 இளையோரிடம் ஆய்ந்தது. '329ஆம் ஆய்வு' எனப்படும் அதன் முடிவுகள் 2001இல் வெளிவந்தன. மருந்து பயன் தருவது, பெரும்பாலும் தீங்கற்றது என்றது கட்டுரை. ஆசிரியராகப் பெயர் பொறித்தோர் 22 பேர். வரைவு தந்தவரோ, நிறுவனம் பொருள் கொடுத்து அமர்த்திய எழுத்தாளர். சிலரிடம் தோன்றிய தற்கொலை எண்ணமும் முயற்சியும் அதில் 'உணர்வு நிலையின்மை' எனப் பெயர் பெற்றன. மங்கலத்தின் கோலம் பூண்டு வந்த குழூஉக்குறி அது. மருத்துவரும் பெற்றோரும் அதன் பொருளை அறிய வழியில்லை.

பயன் மெய்ப்பிக்கப்படவில்லை என அறிவிப்பது வணிகத்திற்கு ஒவ்வாது என்னும் கருத்துடைய 1998ஆம் ஆண்டு உள்ளறிக்கை 2004இல் வெளிப்பட்டது. ஐந்து ஆய்வுகளேனும் நடத்தி ஒன்றையே வெளியிட்டது என அவ்வாண்டு சூன் திங்களில் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் எலியட் ஸ்பிட்சர், கிளாக்சோ ஸ்மித்க்ளைன் என இணைந்திருந்த அந்நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். ஆகஸ்டில் 25 இலட்சம் டாலர் செலுத்தவும், ஆய்வு முடிவுகளைப் பொதுவில் வைக்கவும் நிறுவனம் உடன்பட்டது. அக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், இவ்வகை மருந்துகள் இளையோரிடம் தற்கொலை எண்ணத்தை மிகுவிக்கக்கூடும் எனக் கறுப்புக் கட்டத்துள் எச்சரிக்கை பொறிக்க ஆணையிட்டது. 2012இல், பிற மருந்துகள் பற்றிய குற்றச்சாட்டுகளும் சேர, 300 கோடி டாலர் செலுத்த இசைந்து நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2015இல் பிற ஆய்வாளர் அதே தரவுகளை மீண்டும் ஆய்ந்து, இளையோர்க்குப் பயனில்லை, தீங்குண்டு என முடிவு கண்டனர்.

இதனால் மனநோய் மருந்து முழுவதும் நஞ்செனக் கொள்ளுதல் பிழை. அவற்றால் நலம் பெற்றோர் பலர். மருத்துவரைக் கேளாது திடீரென நிறுத்துதலும் கேடு பயக்கும். குறை மருந்தின்பாற்பட்டது மட்டுமன்று. அதனைப் பற்றி எழுதிய எழுத்தின்பாற்பட்டது.

நயம்படச் சொல்லுதல் கவிஞர்க்கு இயல்பு. அந்நயம் கேட்போரின் துயரை ஆற்றுகிறதா, துயரையே அவர் கண்ணினின்று மறைக்கிறதா என்பதே ஆராயத்தக்கது. பிறர் எழுதியதற்குத் தம் பெயர் தருவோர், அப்பொருளுக்கும் பொறுப்பேற்கின்றனர். பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தார், நோயுற்றோரின் துயரைப் பாடும்போதும் பேசும்போதும் அதனை அதன் பெயராலேயே சுட்டுவாராக.