மிதிப்பவருக்கும் வாக்கு வேண்டும்



விளையாட்டும் நிர்வாகமும் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் சைக்கிள் பந்தயத்தை எடுத்துக்கொள்கிறேன். காரணம் இருக்கிறது. மற்ற விளையாட்டுகளுக்கு மைதானம் உண்டு, சுற்றுச்சுவர் உண்டு. சைக்கிள் பந்தயத்துக்குப் பொதுச்சாலைதான் மைதானம். மலை இறக்கத்தில் மணிக்கு 80, 90 கிலோமீட்டர் வேகம். அடியில் ஓர் அங்குல அகலத்துக்கு டயர். உடம்பில் மெல்லிய துணி. பாதையை வகுப்பவர் ஒருவர், விதியை எழுதுபவர் ஒருவர், ஒளிபரப்பு நேரத்தைக் குறிப்பவர் ஒருவர். விழுகிறவர் மட்டும் வேறொருவர். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அந்த வலி தெரிந்தவரை, விதி எழுதுவதற்கு முன்னால் யாராவது கேட்டார்களா? என் பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்விதான்.

1924-ஆம் ஆண்டுக்குப் போவோம். டூர் தெ பிரான்ஸ் பந்தயம். செர்பூரிலிருந்து பிரெஸ்ட் வரை ஒரே கட்டத்தில் 405 கிலோமீட்டர். இருட்டில் கிளம்ப வேண்டும், குளிருக்கு இரண்டு ஜெர்சி போட்டுக்கொள்ள வேண்டும். வெயில் ஏறியதும் ஒன்றைக் கழற்றிப் போடலாமா? கூடாது. புறப்படும்போது இருந்ததெல்லாம் முடிக்கும்போதும் இருக்க வேண்டும் என்பது நிறுவனர் ஆன்றி தெகிராஞ்சின் விதி. அதற்கு முந்தைய ஆண்டுதான் பட்டம் வென்றிருந்தார் ஆன்றி பெலிசியே. அவருடைய சட்டையைத் தூக்கி, உள்ளே எத்தனை ஜெர்சி என்று எண்ணிப் பார்த்தார்கள். மனிதர் கொதித்துப்போய்த் தம்பி பிரான்சிஸ், சக வீரர் மோரிஸ் வீல் இருவரோடும் கூத்தான்ஸ் என்ற ஊரில் பந்தயத்தை விட்டு வெளியேறினார். அங்கே ஒரு கடையில் உட்கார்ந்து தங்கள் பாட்டையெல்லாம் சொன்னார்கள். கேட்டு எழுதியவர் ஆல்பேர் லோந்திர் என்ற பத்திரிகையாளர். அதற்கு முந்தைய ஆண்டு பிரெஞ்சு கயானாவின் கைதிகள் முகாமைப் பற்றி எழுதி நாட்டையே உலுக்கியவர் அவர். பட்டம் வென்ற ஒரு வீரர் தன் குறையைச் சொல்ல ஒரு பத்திரிகையாளரும் ஒரு கடையும்தான் கிடைத்தன. நிர்வாகத்தில் அவருக்கு ஒரு நாற்காலி இல்லை.

54 ஆண்டு கழித்து, 1978. அதே பந்தயம். ஒரே நாளில் இரண்டு கட்டங்கள் வைத்தார்கள். ஒரு கட்டத்துக்குப் பதில் இரண்டு வைத்தால் இரண்டு ஊர்களிடம் பணம் வாங்கலாம். ஓட்டுபவருக்குத் தூக்கம் போகும். வலான்ஸ் தஜான் என்ற ஊரை நெருங்கியதும் எல்லோரும் சைக்கிளை விட்டு இறங்கினார்கள், முடிவுக்கோடு வரை நடந்தே போனார்கள். முன்வரிசையில் நின்றவர் பெர்னார் இனோ, 23 வயது இளைஞர், அவருக்கு அது முதல் டூர். அந்தக் கட்டமே ரத்தானது. அந்த ஆண்டின் பட்டமும் இனோவுக்கே போனது. நடந்ததால் அவர் வீரம் குறைந்துவிடவில்லை.

இதைக் கேட்டு ஒருவர் எழுந்து, 'வீரர்கள் சொல்வதெல்லாம் சரியாகிவிடுமா ஐயா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிலை மறைக்க மாட்டேன்.

1991-இல் உலக சைக்கிள் சங்கமான யூசிஐ ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வெயில், புழுக்கம், எடை என்று காரணம் சொன்னார்கள். யூசிஐ பின்வாங்கியது. 1995-இல் டூர் பந்தயத்தின் மலை இறக்கத்தில் ஃபாபியோ கசார்தெல்லி ஹெல்மெட் இல்லாமல் விழுந்து இறந்தார். 2003-இல் அதே பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் கசகஸ்தான் வீரர் ஆந்திரேய் கிவிலெவ் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து இறந்தார். அந்த ஆண்டே ஹெல்மெட் கட்டாயமானது. 1991-இல் வீரர்கள் கேட்டது தவறுதான்.

ஆனால் அந்தத் தவறு எப்படி வென்றது என்று பாருங்கள். மேலிருந்து ஓர் ஆணை வந்தது, கீழிருந்து ஒரு வேலைநிறுத்தம் கிளம்பியது. நடுவில் மேசை இல்லை. மருத்துவர் தன் ஆதாரத்தை வைக்கவும், 'புழுக்கம் என்றால் காற்று புகும் ஹெல்மெட் செய்வோம்' என்று தயாரிப்பாளர் சொல்லவும், வீரர் பதில் சொல்லவும் ஓர் இடம் இல்லை. பந்தயத்தை நிறுத்துவது ஒன்றுதான் பேசும் வழி என்றால், அங்கே வாதம் வெல்லாது, பலம்தான் வெல்லும். வீரர்கள் எப்போதும் சரி என்பதற்காக நான் அவர்களுக்கு இடம் கேட்கவில்லை. சரியையும் தவறையும் உயிர் போவதற்கு முன்னால் பேசித் தீர்க்க வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன்.

வீரர்களுக்குச் சங்கம் இல்லையா என்றால், இருக்கிறது. சிபிஏ என்ற தொழில்முறை வீரர் சங்கம் 1999-இல் பிறந்தது. அதன் தலைவர் தேர்தல் 2018-இல் எப்படி நடந்தது? தேசியச் சங்கம் உள்ள நாடுகளின் வீரர்கள் அனைவருக்கும் சேர்த்து அந்தச் சங்கமே மொத்தமாக வாக்களித்தது. சங்கம் இல்லாத நாட்டு வீரர்கள் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகருக்கு நேரில் வந்து வாக்களிக்க வேண்டும். போட்டியிட்ட இருவரில் ஜியானி புன்யோவுக்கு 379 வாக்கு, டேவிட் மில்லருக்கு 96. இருவரில் யார் நல்லவர் என்பது என் பேச்சல்ல. தன் வாக்கைத் தானே போட முடியாத சங்கத்தில் உறுப்பினர் என்ற பெருமை எதற்கு?

மேலே இருக்கும் யூசிஐக்கு வாருங்கள். 2017-இல் தலைவரைத் தேர்ந்தெடுத்தபோது விழுந்த வாக்குகள் 37-க்கு 8. மொத்தம் 45 பிரதிநிதிகள். கண்டங்களின் கூட்டமைப்புகள் அனுப்பியவர்கள். வீரர்களுக்கென்று ஆலோசனைக் குழு இருந்தது, மறுக்கவில்லை. ஆலோசனை கேட்பது வேறு, வாக்குக் கொடுப்பது வேறு.

தங்கைகளே, இனி உங்களைப் பற்றி. 2013-இல் மரியானா வோஸ், எம்மா பூலி, கேத்ரின் பெர்டைன், கிறிஸ்ஸி வெலிங்டன் என்ற நான்கு பெண்கள், பெண்களுக்கும் டூர் பந்தயம் வேண்டும் என்று மனு எழுதினார்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். 2014-இல் பாரிஸில் ஒருநாள் பந்தயம் கிடைத்தது. எட்டு நாள் பந்தயமாக அது வர 2022 ஆயிற்று. இதற்கிடையில் 2017-இல் ஐரிஸ் ஸ்லாப்பெண்டல், கிரேசி எல்வின், கார்மென் ஸ்மால் ஆகிய மூன்று வீராங்கனைகள் தங்களுக்கென்று தனிச் சங்கம் கண்டார்கள். ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல வக்கீல் வைத்தார்கள், சம்பளம் என்ன என்று தங்களுக்குள் கணக்கெடுத்தார்கள். 2020-இல் முதல்நிலை பெண்கள் அணிகளுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 15,000 யூரோ என்று விதி வந்தது, பிரசவ விடுப்பும் வந்தது. கேட்டவர்களுக்குத்தான் வந்தது.

பாதுகாப்புக்கு வருவோம். 2020 ஆகஸ்ட், போலந்தின் கடோவிட்சே. பந்தயத்தின் முடிவு இறக்கமான சாலையில். இது ஆபத்து என்று வீரர்கள் முன்பே சொல்லிவந்த இடம். டச்சு வீரர் ஃபாபியோ யாகோப்சன் தடுப்புகளை உடைத்துக்கொண்டு போய் விழுந்தார், மயக்கநிலையில் வைத்துச் சிகிச்சை தர வேண்டியிருந்தது. அவரை ஒதுக்கித் தள்ளிய டிலன் குரூனவேகனுக்கு ஒன்பது மாதத் தடை. தவறு செய்தவருக்குத் தண்டனை சரி. இறக்கத்தில் முடிவுக்கோடு போட்டவருக்கு?

2024 செப்டம்பர், சூரிச். உலகப் போட்டியில் 18 வயது சுவிஸ் பெண் முரியல் ஃபூரர் காட்டுப்பாதையில் விழுந்தார். அவர் விழுந்தது நெடுநேரம் யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் இறந்தார். அடுத்த ஆண்டு யூசிஐ இடம்காட்டும் கருவியைச் சோதிக்க முற்பட்டது. நல்ல நோக்கம். ஆனால் அணிகளோடு உடன்பாடு ஏற்படாமல், ரோமாந்தி பெண்கள் பந்தயத்தில் ஐந்து அணிகள் நீக்கப்பட்டன. நிர்வாகமும் அணிகளும் மோதிக்கொண்டன, அந்த அணிகளின் வீராங்கனைகள் ஓட்டாமலே வீடு திரும்பினார்கள்.

நம் நாட்டில் 2025-இல் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. ஒவ்வொரு தேசியக் கூட்டமைப்பின் செயற்குழுவிலும் சிறந்த விளையாட்டு வீரர்கள் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும், வீரர்களுக்கென்று குழு இருக்க வேண்டும் என்கிறது. வரவேற்கிறேன். ஆனால் நாற்காலியில் யார் உட்காருகிறார், அவரை யார் அனுப்பினார் என்பதில்தான் சட்டத்தின் உயிர் இருக்கிறது. நிர்வாகிகள் பொறுக்கியெடுத்த வீரர், நிர்வாகிகளின் குரலில்தான் பேசுவார்.

ஆகவே இந்த மேடையிலிருந்து மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். ஒன்று, வீரர்களின் பிரதிநிதியை வீரர்களே, ஆளுக்கு ஒரு வாக்காக, ரகசிய வாக்கில் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு, பந்தயப் பாதையை அறிவிப்பதற்கு முன்பே அந்தப் பிரதிநிதி பார்த்து, ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை ஏற்க மறுப்பவர் காரணத்தைக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். மூன்று, பெண்களுக்குச் சமமான இடம் வேண்டும், வாய் திறந்ததற்காக ஒருவரையும் அணியிலிருந்து நீக்கக் கூடாது.

தம்பிகளே, தங்கைகளே! மாவட்டச் சங்கமோ, மாநிலச் சங்கமோ, அடுத்த பொதுக்குழுக் கூட்டம் என்றைக்கு என்று நாளைக்கே கேளுங்கள். விதிப்புத்தகத்தை வாங்கிப் படியுங்கள். உங்களில் ஒருவரைத் தேர்தலில் நிறுத்துங்கள். பெரியவர்களே, அந்தப் பிள்ளை நாற்காலி கேட்டு வரும்போது நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுங்கள்.