ஒளியைப் படிக்கட்டும் நம் பிள்ளைகள்





பொன்விழாவில் கல்வி பற்றிச் சில வார்த்தை பேசப் பணித்தீர்கள். நாங்கள் வியாபாரிகள், கடையிலிருந்தே தொடங்குகிறோம்.

கல்லாவில் பார்கோடு கருவியின் முன் பொருளைக் காட்டினால் சிவப்புக் கோடு ஓடி விலை வருகிறதே, பல கருவிகளில் அது லேசர் ஒளி. 1974 ஜூன் 26-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சூயிங்கம் பொட்டலம்தான் முதன்முதலாக இப்படி விற்பனையானது. தினமும் பார்க்கும் ஒளி அது. "எப்படி அத்தா வருகிறது?" என்று பிள்ளை கேட்டால், "கல்லாவைப் பார்" என்று சொல்லிவிடுகிறோம். எங்களில் டிப்ளோமா படித்தவர்களும் கருவியை இயக்கக் கற்றோமே தவிர, ஏன் இயங்குகிறது என்று கேட்கவில்லை.

கேட்பது நம் மரபு. பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, இருட்டறையில் சிறு துளை வழியே வரும் ஒளியைச் சோதித்து 'கிதாபுல் மனாழிர்' எழுதினார். கேள்வியைச் சோதனையால் தீர்க்க வேண்டும் என்று காட்டினார்.

நம் தமிழகத்தைப் பாருங்கள். சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருந்தபோதே சி.வி. இராமன், ஒளி விளிம்பில் வளைவதை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். 1906-இல் லண்டன் இதழ் அதை வெளியிட்டபோது அவருக்கு வயது 18. பின்பு கல்கத்தாவில் பேராசிரியரானார். மாணவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஆராய்ந்தார். வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் அவர்களுள் ஒருவர். 1928 பிப்ரவரி 28-இல் இராமன் விளைவு கண்டறியப்பட்டது. 1930-இல் நோபல் பரிசு வந்தது. 1960-இல் மைமன் முதல் லேசரை உருவாக்கிய பிறகு, அதே இராமன் விளைவு மருந்தையும் இரத்தினக்கல்லையும் சோதிக்கும் கருவியாக வளர்ந்தது.

நல்ல ஆசிரியர் இதைப் பட்டப்படிப்பு மாணவருக்கு எளிதாகவே தொடங்கிவைப்பார். ஒரு தலைமுடியின் மீது சிவப்பு லேசரைப் பாய்ச்சினால், 2 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் ஒளியும் இருளும் மாறிமாறி விழும். அடுத்தடுத்த இருள் கோடுகளின் இடைவெளி ஏறக்குறைய 2 செ.மீ. இருக்கும். அதை அளந்து, முடி 0.07 மி.மீ. தடிமன் என்று மாணவரே கணக்கிட்டுவிடலாம். இராமன் பதினெட்டு வயதில் ஆராய்ந்ததும் இந்த ஒளி வளைவைத்தான். தன் கையால் அளந்த பிள்ளை அதை மறக்காது. ஆனால் லேசரைக் கண்ணில் படவிடக்கூடாது, பிள்ளைகளே!

இன்று பத்து காவானைச் சுற்றித் தொழிற்சாலைகள். 2014-இல் திறந்த இரண்டாவது பாலத்தைக் கடந்தால், 1969-இல் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் தீவில் இருக்கிறது. வழி பக்கம்தான், தயக்கம்தான் தூரம். மருத்துவம், கணக்கியல் என்றால் உதவ முன்வருகிறோம். "இயற்பியல் படிக்கிறேன்" என்றால், "என்ன வேலை கிடைக்கும்?" என்கிறோம். அந்த ஒரு கேள்வியில் எத்தனை பிள்ளைகளின் ஆர்வத்தை அணைத்திருக்கிறோமோ!

ஆகவே பொன்விழாவில் இரண்டு வேண்டுகோள். கல்வி நிதியில் அறிவியல் படிக்கும் ஒரு பிள்ளைக்காவது ஆண்டுதோறும் பங்கு ஒதுக்குவோம். எஸ்.பி.எம். எழுதும் பிள்ளைகளை ஒரு நாள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போவோம்.

நம் முன்னோர் கடை வைத்து நம்மைப் படிக்க வைத்தார்கள். நம் பிள்ளைகளைக் கேள்வி கேட்க வைப்பது நம் கடன். அல்லாஹ் அருள்புரிவானாக, ஆமீன்.