கையெழுத்து மட்டும் போதுமா?



தில்லி மாநகரில், பிழைப்பை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழும் ஒரு குடியிருப்பில், சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் சிலர் கூடி ஒரு முதியோர் வகுப்பை நடத்தினோம். நாங்கள் பகலெல்லாம் காகிதங்களோடு உறவாடிவிட்டு மாலையில் வீடு திரும்பும் அலுவலகத் தமிழர்கள். கற்க வந்தவர்களோ, பிறர் வீடுகளில் பாத்திரம் துலக்கியும், கட்டட வேலையில் செங்கல் சுமந்தும் குடும்பத்தைத் தாங்கும் பெண்மக்கள். ஆடவரும் சிலர் உண்டு. வாரத்தில் மூன்று நாள், இரவு எட்டு மணிக்கு, கோயிலை ஒட்டிய கூடத்தில் வகுப்புக் கூடும்.

மூன்று மாதத்தில் எல்லாரும் தத்தம் பெயரை எழுதக் கற்றுக்கொண்டனர். கைநாட்டு ஒழிந்தது என்று நாங்கள் பெருமிதம் கொண்டோம். அடுத்த மாதமே அப்பெருமிதம் குலைந்தது. எங்கள் வகுப்பில் முதன்முதலாகக் கையெழுத்திடக் கற்ற ஓர் அம்மையார், அண்டை வீட்டுக்காரி வாங்கிய கடனுக்குப் பிணையாக ஒரு தாளில் தம் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். தாள் தமிழிலேயே எழுதப்பட்டிருந்தது. கடன் கொடுத்தவரும் நம்மவரே. ஆயினும் அதில் எழுதியிருந்தது இன்னது என்று அம்மையாருக்குத் தெரியாது. முன்பெல்லாம் அவர் பெருவிரலை நீட்டும்போது, யாரேனும் ஒருவர் படித்துச் சொல்வதுண்டாம். கையெழுத்திடத் தெரிந்தவருக்கு யார் படித்துக் காட்டுவார்? கடன் வாங்கியவள் ஊரைவிட்டே போனாள்; தவணைகள் இவர் தலையில் விழுந்தன.

“எழுதச் சொல்லிக் கொடுத்தீங்க, சார், படிக்கச் சொல்லித் தரலையே” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அச்சொல் எங்களை அதிகம் சுட்டது.

அன்றிரவு நாங்கள் கூடி யோசித்தோம். அவர்கள் கற்றது எழுத்தன்று, ஒரு சித்திரம் என்பது விளங்கியது. தம் பெயரைக் கோலம் போடுவது போல் வரைந்தார்களேயன்றி, அதே எழுத்து வேறொரு சொல்லில் வந்தால் அடையாளம் காண அவர்களால் முடியவில்லை. குழந்தைக்குரிய முறையை வளர்ந்தவர்க்கும் கையாண்டதே எங்கள் பிழை. குழந்தை இன்று கற்றது பத்தாண்டு கழித்துப் பயன்படலாம். நாள் முழுதும் உழைத்துக் களைத்து வருபவருக்கோ, இன்று இரவு கற்றது நாளைக் காலையில் பயன்பட வேண்டும். இல்லையேல் அவர் மறுநாள் வரமாட்டார். வராமலிருப்பதிலும் நியாயம் உண்டு.

இஃது எங்களுக்கு முன்பே அறிஞர் பலர் கண்ட உண்மை. பிரேசில் நாட்டில் பாவ்லோ பிரெய்ரே என்னும் கல்வியாளர், 1963-ஆம் ஆண்டில், ஆங்கிகோஸ் என்னும் சிற்றூரில் சுமார் 300 உழைப்பாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவிக்க முனைந்தார். அவர் அரிச்சுவடியைக் கையில் எடுக்கவில்லை. மக்கள் அன்றாடம் புழங்கும் சொற்களைத் தேர்ந்து, அவற்றைப் பற்றி முதலில் அவர்களையே பேசச் செய்து, பிறகே அவற்றை எழுத்தொலிகளாகப் பிரித்துக் காட்டினார். ‘செங்கல்’ என்பதும் அவர் கையாண்ட சொற்களுள் ஒன்று. நம் நாட்டில், 1990-ஆம் ஆண்டில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதையடுத்துப் புதுக்கோட்டையில் நடந்த அறிவொளி இயக்கத்தில், பெண்கள் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். கல்வி வாழ்க்கையைத் தொட்ட இடத்தில்தான் அது வேரூன்றியது.

நாங்களும் முறையை மாற்றினோம். முதல் மாற்றம், பாடச் சொல்லைக் கற்போரே தருவது. “உங்களை அதிகம் வாட்டும் சொல் எது?” என்று கேட்டோம். “வாடகை” என்று பலர் ஒரே குரலில் சொன்னார்கள். கால் மணி நேரம் வாடகையைப் பற்றியே பேச்சு நடந்தது. பிறகு அச்சொல்லைப் பலகையில் பெரிதாக எழுதி, வா, ட, கை என்று பிரித்தோம். அந்த மூன்றிலிருந்தும் கடை, வடை, வாடை, காடை என்று புதுச் சொற்களை அவர்களே கூட்டினார்கள். ‘வடை’ என்று முதலில் படித்தவர் வாய்விட்டுச் சிரித்தார். யாரும் சொல்லித் தராத ஒரு சொல்லைத் தாமே படிக்கும் அந்தக் கணந்தான் எழுத்தறிவின் பிறப்பு. பெயரைப் பார்த்தெழுதுவதில் அது நேர்வதில்லை.

இரண்டாவது, 247 எழுத்து என்னும் அச்சத்தைப் போக்குவது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று; எஞ்சிய 216-உம் இவற்றின் சேர்க்கையே. கால், கொம்பு, இணைக்கொம்பு முதலிய குறிகள் எல்லா எழுத்தோடும் ஒரே வகையாய்ச் சேர்வன. 1978-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு மேற்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, லை, னை முதலியனவும் இவ்வொழுங்குக்கு உட்பட்டன. ஆகவே இவற்றை முதலில் கற்பித்தல் எளிது. கு, சு, து, மு என எழுத்துக்கு எழுத்து உருமாறும் உகர, ஊகார வரிசைகளைப் பின்னுக்குத் தள்ளினோம். அரிச்சுவடியின் வரிசை அகராதி பார்ப்பதற்கு வேண்டும். கற்கத் தொடங்குவதற்கு வேண்டியதில்லை.

மூன்றாவது கணக்கு. இவர்களுக்கு ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று சொல்லித் தருவது அவமதிப்பாகும். நான்கு வீட்டுச் சம்பளத்தையும் மனத்திலேயே கூட்டி, கடைப் பாக்கியைக் கழித்து, ஊருக்கு அனுப்பும் பணத்தை ஒதுக்குபவர்கள் அவர்கள். அறியாதது கணக்கன்று, எண்ணின் வடிவமே. ஆதலால் பேருந்து எண்ணிலும் ரூபாய் நோட்டிலும் தொடங்கி, வட்டிக் கணக்குக்குச் சென்றோம். 5,000 ரூபாய்க்கு மாதம் நூற்றுக்கு 3 வட்டி என்றால் மாதம் 150, ஆண்டுக்கு 1,800. வாயால் பட்டென்று சொன்ன விடையைத் தாளில் எழுதிப் பார்த்தபோது, கூடத்தில் சற்று நேரம் பேச்சே எழவில்லை.

நான்காவது, எந்த மொழி என்னும் கேள்வி. வெளிமாநிலத்தில் வாழும் நம் எல்லாருக்கும் உரிய கேள்வி இது. “எங்களுக்கு இந்தி எழுத்து வேண்டும், பேருந்துப் பலகை இந்தியில் இருக்கிறது” என்று சிலர் கேட்டனர். தமிழ்ப் பற்றினால் நாங்கள் முதலில் தயங்கினோம். ஆனால் அவர்கள் கேட்டதில் தவறில்லை. எழுத்து என்பது ஒலியின் அடையாளம் என்னும் இரகசியத்தை மனிதன் ஒரு முறைதான் கற்கிறான். தான் பேசும் மொழியில் அதைக் கற்பது எளிது. பிறகு அடுத்த எழுத்து விரைவில் வசப்படும். க, ச, ட, த, ப என்னும் வரிசை நாகரியிலும் உண்டு. நம் ஓர் எழுத்தின் இடத்தில் அங்கே நான்கு நிற்கும், அவ்வளவே. ஆகவே தமிழை முதலாகக் கொண்டு, அதனுடனேயே பேருந்து நிறுத்தம், மருத்துவமனை, பெண்கள் என்பன போன்ற பத்து இந்திச் சொற்களை முழு வடிவில் அடையாளம் காணப் பழக்கினோம். பெங்களூரிலும் மும்பையிலும் உள்ளவர்கள் அவ்விடத்து மொழிக்கு இதனையே செய்யலாம். புரியாத மொழியிலுள்ள தாளை யாரேனும் நீட்டினால், “படித்துக் காட்டிய பிறகே கையெழுத்திடுவேன்” என்று அந்த ஊர் மொழியில் சொல்லவும் பழக்க வேண்டும். அதுவும் ஒரு பாடமே.

ஐந்தாவது, மதிப்பு. அக்கா, அண்ணா என்றே அழைத்தோம். பெயர் சொல்லி வருகை குறிப்பதை விட்டோம். பிழை நேர்ந்தால் சிவப்பு மையால் கோடிடாமல், “இன்னொரு முறை படியுங்கள்” என்றோம். பெரும்பாலும் அவர்களே திருத்திக்கொண்டனர். வேலை நிமித்தம் ஒரு நாள் வராதவர் பின்தங்காதபடி, ஒவ்வொரு வகுப்பையும் முன்பாடத்திலிருந்தே தொடங்கினோம். மந்தபுத்தி என்று நாங்கள் எண்ணியிருந்த இருவருக்குக் குறை கண்ணிலே இருந்தது. நாற்பதைக் கடந்தால் கிட்டப் பார்வை மங்குதல் இயல்பு. மூக்குக் கண்ணாடியும் நல்ல விளக்கும் வந்தபின் அவர்களும் மற்றவரோடு சேர்ந்து படித்தனர்.

1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நம் நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 18 பேர். 2011-இல் அது 70-ஐத் தாண்டியது. எனினும் அதே 2011-இல், 15 வயதுக்கு மேற்பட்டோருள் ஏறத்தாழ 25 கோடியே 76 இலட்சம் பேர் எழுத்தறியாதவர். அவருள் பெரும்பாலோர் பெண்கள். 2022-இல் தொடங்கி 2027 வரைக்கென வகுக்கப்பட்ட ‘உல்லாஸ்’ என்னும் எழுத்தறிவுத் திட்டம், ஊதியம் கருதாத் தொண்டர்களை நம்பியே அமைந்தது. தமிழ்ச் சங்கங்களில் ஆண்டு விழாவுக்குக் கூடும் நாம், வாரத்தில் இரண்டு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாகாதா?

அந்த அம்மையார் ஒரு மாதம் கழித்து வகுப்புக்குத் திரும்பி வந்தார். தவணைகளை விடாமல் கட்டிக்கொண்டே படித்தார். கடைசித் தவணை நாளன்று, கடன் கொடுத்தவர் கணக்குப் புத்தகத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். அம்மையார் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். “ஆவணி மாசம் கட்டின 600 ரூபாய் இதிலே இல்லையே” என்றார். அது எழுதப்படும் வரை காத்திருந்தார். பிறகுதான் கையெழுத்திட்டார்.