உணர்தல், அறிதல், கண்காணித்தல்



மொழியியல் பயின்றவன் தரை உணரிகளைப் பற்றிப் பேசலாமா என்னும் ஐயம் உங்களுக்கு எழக்கூடும். கண்காணிப்பு என்னும் சொல்லே என்னை இங்கு இழுத்து வந்தது. மலாயாத் தோட்டங்களில் ஆள் திரட்டி வேலை வாங்கியவரைக் கங்காணி என்றனர். கண்காணி என்பதில் ககரத்தின் முன் நின்ற ணகர மெய் ஙகரமாகத் திரிந்தே அச்சொல் பிறந்தது. நம் பாட்டன்மார் தம் கங்காணியின் முகத்தை அறிவர். இன்றைய கண்காணிக்கு முகமில்லை. நிலத்தில் குத்திட்டு நின்று அதன் அதிர்வைக் கேட்கும் சிறு கருவி அது.

1960களின் இறுதியில், வியட்நாம் போரின்போது, லாவோஸ் காடுகளின் ஊடே சென்ற ஹோ சி மின் பாதையில் அமெரிக்க விமானங்கள் ஆயிரக்கணக்கான உணரிகளை வீசின. 'இக்லூ ஒயிட்' என்பது அம்முயற்சியின் பெயர். சில உணரிகள் ஒலியையும் சில நில அதிர்வையும் பற்றின. மண்ணில் பதிந்தவற்றின் ஆண்டெனாக்கள் செடிபோல் தோன்றின. வானில் வட்டமிட்ட விமானம் குறிகைகளைப் பெற்று, தாய்லாந்தின் நக்கோன் பனோம் தளத்திலிருந்த கணினிகளுக்கு அனுப்பியது.

ஓர் உணரி அதிர்ந்தால், காரணம் லாரியாகலாம், இடியாகலாம், விலங்காகலாம். வரிசையாக நின்ற உணரிகள் ஒன்றன்பின் ஒன்றாக அதிர்ந்தபோதே, செல்வது வண்டித்தொடர் என்பதும் அதன் திசையும் விரைவும் புலப்பட்டன. ஓரெழுத்தொருமொழிகள் ஒழிய, தனியெழுத்துக்குப் பொருளில்லை. வரிசையில் நின்றே அது சொல்லாகிறது. இங்கும் அதுவே நெறி.

ஆயினும் அவ்வுணரிகள் தமக்குள் பேசவில்லை. அனைத்தும் தொலைவிலிருந்த நடுவத்திற்கே முறையிட்டன. மின்கலம் தீர்ந்ததும் ஓய்ந்தன. அழித்ததாகக் கூறப்பட்ட லாரிகளின் கணக்கும் பின்னர் ஐயத்திற்குள்ளாயிற்று.

2001இல் கலிபோர்னியாவின் ட்வென்டிநைன் பாம்ஸ் படைத்தளத்தில், பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிறிய ஆளில்லா விமானத்திலிருந்து ஆறு உணரிக் கணுக்களைச் சாலையோரம் வீழ்த்தினர். அவை தாமே வலையாக இணைந்தன. தம் கடிகாரங்களை ஒத்திசைத்தன. வண்டிகளால் விளைந்த காந்தப்புல மாற்றத்தைக் கண்டு அவற்றின் விரைவைக் கணித்தன. முறையீடு கூட்டறிவாக மாறியது.

இத்தகைய வலையமைப்பைச் செம்மைப்படுத்துவதையே உகப்பாக்கம் என்கிறோம். இருக்கும் சிறு ஆற்றலுக்குள் பெரும்பயன் காண்பது அதன் நோக்கம். கணு ஒன்றுக்குக் கணக்கிடுவது மலிவு. வானலையில் பேசுவது செலவு. ஒரு பிட்டை அனுப்பும் ஆற்றலில் நூற்றுக்கணக்கான கணிப்புகளைச் செய்துவிடலாம். ஆகவே கணுக்களுள் பல உறங்க, சில விழித்திருக்கும். ஒன்று ஐயுற்றால் அண்டையை எழுப்பும். இரண்டும் ஒத்துரைத்தால், கேட்டவை அனைத்தையும் அல்லாமல் முடிவை மட்டும் சுருக்கி, கணு கணுவாகக் கடத்தும்.

எங்கே ஐயுறுவது என்னும் வரம்பைத் தாழ்த்தினால் பொய் எச்சரிக்கை பெருகும். உயர்த்தினால் உண்மை நழுவும். இவ்விரு பிழைகளுள் எது பொறுக்கத்தக்கது என்பதைக் கருவி சொல்லாது. காட்டு யானையை ஊருக்கு அறிவிக்கும் வலையில் வீண் எச்சரிக்கை உறக்கத்தைக் கெடுக்கும். குண்டுவீச்சுக்கு இலக்கு காட்டும் வலையிலோ அதுவே உயிரைப் பறிக்கும்.

பழந்தமிழில் உணர்தலுக்கு அறிதல் என்னும் பொருளும் உண்டு. இன்றைய கலைச்சொல்லில் அவ்விரண்டையும் பிரித்தே பயிற்றுதல் வேண்டும். கருவி உணர்கிறது, வலை ஒத்துப்பார்த்து ஒருவாறு அறிகிறது, முடிவுக்குப் பொறுப்பேற்பவர் மனிதர்.

ஆசிரியர்களே, உணரி, கணு, உகப்பாக்கம் ஆகிய சொற்களை மனப்பாடப் பட்டியலாகத் தராதீர்கள். அவற்றைக் கொண்டு மாணவர் வினவப் பழகட்டும்: இவ்வலை எதை உணர்கிறது? எதை அறிந்ததாகக் கொள்கிறது? யாருக்காகக் கண்காணிக்கிறது? கங்காணியின் முன் நம் முன்னோர் வாய்திறந்து வினவ இயலவில்லை. நம் பிள்ளைகளுக்கு அவ்வினாவைத் தொடுக்கத் தமிழில் சொற்கள் உள்ளன.