வழிச்செலவுக் கணக்கு



பயணத்திற் பணத்தை மிச்சப்படுத்துவது ஒரு பொருள். தோல்வியிலிருந்து பாடங் கற்பது வேறொரு பொருள் என்றே பலரும் கருதுவர். நானுஓயாவில் வாழ்ந்து, அங்குள்ள பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்து வரும் எனக்கு இவ்விரண்டும் ஒன்றாகவே தோன்றுகின்றன. அதற்குரிய காரணத்தை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நானுஓயா சிறிய ஊர். வெளியூரார் பலர் அதனை ஒரு புகையிரத நிலையத்தின் பெயராக மட்டுமே அறிவர். நுவரெலியாவுக்குச் செல்வோர் இங்கே இறங்குவர். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து வெளியூர் செல்வோர் இங்கே ஏறுவர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில், மூடுபனியின் நடுவே, வண்டிக்காகக் காத்து நிற்கும் தோட்டத்து மக்களைச் சற்றே உற்று நோக்குங்கள். தம் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று அறியாதவர் அங்கே ஒருவரும் இரார். போவதற்கு இவ்வளவு, வருவதற்கு இவ்வளவு என்று எண்ணி, முந்தானையில் முடிந்துகொண்டு வந்த பணம் அது. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்தில் ஒரு பயணம் என்பது ஒரு நாட் சம்பளத்தை இழப்பதும், இன்னொரு நாட் சம்பளத்தைச் செலவிடுவதும் ஆகும்.

நம் முன்னோர்க்கு இவ்வழிச்செலவு இன்னும் பெரிய பாரமாக இருந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளிக்குக் கங்காணி கொடுத்த முன்பணத்திலேயே வழிச்செலவும் அடங்கியிருந்தது. தோட்டத்து மண்ணை மிதிப்பதற்கு முன்னரே அவர் கடனாளியாகிவிட்டார். அக்கடன் ‘துண்டு’ என்னும் சீட்டில் எழுதப்பட்டது. அவர் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமாயின், அத்துண்டிற் கண்ட தொகையைப் புதிய தோட்டம் கொடுத்துத் தீர்க்க வேண்டும். 1921 ஆம் ஆண்டிலேதான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கணக்கை எழுதியவர் ஒருவர். அதைச் சுமந்தவர் மற்றொருவர். ஆதலால் வழிச்செலவைத் தானே கணக்கிடத் தெரிந்திருப்பது எங்கள் மக்களுக்கு வெறுஞ் சிக்கனம் அன்று. அது ஒருவகைச் சுதந்திரமும் ஆகும்.

இனி, நான் கணக்கிடத் தவறிய கதையைச் சொல்கிறேன்.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன், இளம் ஆசிரியனாக இருந்த நான், முப்பத்துநான்கு மாணவரைக் கொழும்புக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றேன். அவர்களுட் பெரும்பாலோர் கடலைக் கண்டதில்லை. பெற்றோரிடம் அதிகம் பெறலாகாது என்பது என் உறுதி. இரவுத் தபால் வண்டியிற் சென்று, பகல் முழுவதும் நூதனசாலையையும் தெகிவளை மிருகக்காட்சிச் சாலையையும் காலிமுகக் கடற்கரையையும் பார்த்து, மறு இரவே தபால் வண்டியில் திரும்பிவிட்டால் தங்குமிடச் செலவு இல்லை. மூன்றாம் வகுப்பிற் சென்றால் கட்டணமும் குறைவு. இவ்வாறு ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தபோது, என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

அது போயா விடுமுறையோடு சேர்ந்த வார இறுதி என்பதை நான் எண்ணவில்லை. ஆசனங்களை முற்பதிவு செய்ய முயலவுமில்லை. போகும் இரவில் பிள்ளைகள் பாதி வழி நின்றுகொண்டே சென்றனர். பகலில் மூவர் நோயுற்றனர். அன்று மாலை கோட்டைப் புகையிரத நிலையத்தில் கண்ட கூட்டத்தில், உறங்கி விழும் பிள்ளைகளை ஏற்றுவதற்கு எனக்குத் துணிவு வரவில்லை. வண்டி எங்களை விட்டுப் போயிற்று. அறிமுகமான ஒருவர் உதவியால் ஒரு மண்டபத்தில் இரவைக் கழித்து, மறுநாள் பேருந்தொன்றை வாடகைக்கு அமர்த்தி ஊர் திரும்பினோம். நான் மதிப்பிட்ட தொகையின் இரு மடங்கினும் கூடுதலாகச் செலவாயிற்று. எஞ்சிய கடனை என் சம்பளத்திலிருந்து ஐந்து மாதம் கட்டித் தீர்த்தேன்.

பெற்றோர் எவரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கொழுந்து பறிக்கும் தாயொருவர் மட்டும் என்னிடம் வந்து, “சேர், பிள்ளை கடலைப் பார்த்துவிட்டது, சந்தோஷம். அடுத்த முறை எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே சரியாகச் சொல்லிவிடுங்கள், சீட்டுக் காசில் எடுத்து வைக்கிறேன்” என்றார். குறைத்துச் சொல்லுமாறு அவர் கேட்கவில்லை. சரியாகச் சொல்லுமாறுதான் கேட்டார்.

நான் என்ன செய்தேன்? பாடசாலைக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையில், சுற்றுலா இனிதே நிறைவேறியது என்றும், செலவு இன்னது என்றும், என் பழைய மதிப்பீட்டையே எழுதிவிட்டேன். மேலதிகச் செலவு என்னுடையதுதானே, அதைப் பிறர் அறிவானேன் என்பது என் எண்ணம். உண்மையில் அது வெட்கமே.

மறு ஆண்டு அயற்பாடசாலை ஆசிரியர் ஒருவர் என் அறிக்கையை வாங்கிச் சென்று, அதே திட்டப்படி, அதே தொகையைப் பெற்றுக்கொண்டு, தம் மாணவரை அழைத்துச் சென்றார். நான் விழுந்த அதே குழியில் அவரும் விழுந்தார். அவருக்கு மண்டபமும் கிட்டவில்லை. பிள்ளைகள் புகையிரத மேடையிலேயே இரவைக் கழித்தனர். அதைக் கேள்வியுற்ற நாளில் எனக்கு உறக்கம் வரவில்லை. என் தோல்வி எனக்கு ஐந்து மாதச் சம்பளத்திற் சிறிது சிறிதை இழக்கச் செய்தது. நான் அதை மறைத்ததோ, ஏதுமறியாத பிள்ளைகளை வாட்டிற்று. அவரிடம் சென்று நடந்ததையெல்லாம் சொன்னேன். இருவரும் ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்து, உண்மையான செலவையும், ஒவ்வொரு செலவும் ஏன் வந்தது என்பதையும் எழுதி வைத்தோம்.

அக்காலத்தில்தான் எங்கள் ஊர்ப் புகையிரதப் பாதையின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். பெரியவர்களும் வழிச்செலவைத் தவறாகக் கணக்கிட்டதுண்டு என்று கண்டபோது, சற்று ஆறுதலும் பெரும் பாடமும் கிடைத்தன.

கோப்பியைக் கண்டியிலிருந்து கொழும்புக்கு மாட்டு வண்டியிற் கொண்டு செல்லும் செலவைக் குறைக்கவே தோட்டத் துரைமார் புகையிரதப் பாதையை வேண்டினர். 1845 இல் இலங்கைப் புகையிரதக் கம்பனி தோன்றிற்று. 1857 இல் கப்டன் மூர்சம் என்பவர் ஆறு வழிகளை ஆராய்ந்து, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அதற்கு 8,56,557 பவுண் செலவாகும் என்று அறிக்கையிட்டார். கடைசி ஏழு பவுணையும் விடாமற் கணக்கிட்ட அந்நுட்பத்தைப் பாருங்கள்! 1858 ஓகஸ்ட் மாதத்தில் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் முதல் மண்வெட்டைத் தொடக்கி வைத்தார். வேலை தொடங்கிய சிறிது காலத்துள்ளேயே, அத்தொகைக்குள் முடிப்பது இயலாத காரியம் என்று வேலையை ஏற்றிருந்த டொயின் உணர்ந்தார். நுட்பமான கணக்கு வேறு, உண்மையான கணக்கு வேறு என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

அதன்பின் நிகழ்ந்ததே நமக்கு வேண்டுவது. தவறு மூடி மறைக்கப்படவில்லை. 1861 இல் கம்பனியுடனான ஒப்பந்தம் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. பங்குப் பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அரசாங்கமே வேலையைப் பொறுப்பேற்றது. புதிதாகக் கேள்விப் பத்திரம் கோரி, 1863 இல் வேலை மீண்டும் தொடங்கிற்று. 1865 ஒக்டோபரில் அம்பேபுஸ்ஸ வரையும், 1867 இல் கண்டி வரையும் பாதை திறக்கப்பட்டது. 1885 இல் அது நானுஓயாவை அடைந்தது. அதற்குள் கோப்பிப் பயிர் இலைநோயால் வீழ்ந்துபட்டிருந்தது. கோப்பிக்காக நினைத்த பாதை, தேயிலையை ஏற்றிச் செல்லும் பாதையாயிற்று.

இதே நானுஓயாவிலிருந்து ஒரு கிளைப்பாதையும் சென்றது. 2 அடி 6 அங்குல அகலமே உடைய அக்குறுகிய பாதை, 1903, 1904 ஆம் ஆண்டுகளில் நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை, ஏறத்தாழ 19 மைல் தூரம் திறக்கப்பட்டது. வீதிகளில் மோட்டார் வண்டிகள் பெருகவே, அவற்றோடு போட்டியிட இயலாது 1940களில் அது மூடப்பட்டது. முதற் பாதையின் கணக்கு, தொடங்கும்போதே பிழை. கிளைப்பாதையின் கணக்கையோ காலம் மாற்றிவிட்டது. ஆகவே ஒருமுறை சரியாகக் கணக்கிட்டவரும் மறுமுறை கணக்கிட்டே ஆக வேண்டும். 2022 ஆம் ஆண்டு எரிபொருள் இன்றி நாடு தவித்து, பாடசாலைகள் வாரக்கணக்கில் மூடப்பட்டபோது, எங்கள் கொப்பியிலிருந்த கட்டணங்கள் அனைத்தும் பயனற்றுப் போயின. ஆனால் நாங்கள் எழுதி வைத்த பிழைகள் ஒன்றும் பயனற்றுப் போகவில்லை. விலைகள் மாறும், மனிதர் செய்யும் பிழைகள் அநேகமாக மாறுவதில்லை.

அக்கொப்பியிலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவக்கூடும்.

முதலாவது, பயணத்தை நிலையத்திலிருந்து நிலையத்துக்குக் கணக்கிடாதீர்கள். லயத்து வாசலிலிருந்து புறப்பட்டு, அதே வாசலுக்குத் திரும்பி வரும்வரை கணக்கிடுங்கள். தோட்டத்திலிருந்து பெரிய வீதிக்கு வரும் முச்சக்கர வண்டிக் கூலி, சில வேளைகளிற் புகையிரதக் கட்டணத்தினும் மிகுதியாகும். அவ்விடத்தில் நால்வர் சேர்ந்து செல்வதே மிச்சம்.

இரண்டாவது, மிகப் பெரிய செலவு இரண்டாம் பயணமே. அடையாள அட்டைக்கோ வேறு அலுவலுக்கோ நுவரெலியாவுக்குச் சென்று, ஒரு பத்திரம் குறைவென்று திரும்பி வந்தவர் எங்கள் ஊரில் எத்தனை பேர்! பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு விதமாகவும் பாடசாலைப் பதிவில் வேறு விதமாகவும் பெயர் இருப்பதை, அலுவலகத்தில் அன்றி வீட்டிலேயே கண்டுகொண்டால் ஒரு பயணச் செலவு மிச்சமாகும். புறப்படும் முன் தொலைபேசியில் விசாரியுங்கள். வேண்டிய பத்திரங்களை முதல் நாளே ஒரு பையில் இட்டு வையுங்கள். ஒரே பயணத்தில் இரண்டு மூன்று காரியங்களை முடியுங்கள்.

மூன்றாவது, விடுமுறை நாளைப் பஞ்சாங்கத்திற் பார்த்துக்கொண்டு, நீண்ட பயணத்துக்கு முற்பதிவு செய்யுங்கள். நாள்தோறும் செல்லும் மாணவருக்குச் சலுகைப் பருவச்சீட்டு உண்டு. அதனை அறியாமல் நாளுக்கு நாள் முழுக் கட்டணம் செலுத்தி, ஈற்றிற் படிப்பையே நிறுத்திய பிள்ளை ஒன்றை நான் அறிவேன். அதுவும் கொப்பியில் எழுதப்பட்டுள்ளது. ஆண்டின் முதல் வாரத்திலேயே பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாதது எங்கள் பிழை, இப்போது சொல்கிறோம்.

நேயர்களே, சிக்கனத்திற்கும் ஓர் எல்லை உண்டு. 2023 ஜனவரி 20 ஆம் நாள் இரவு, நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில், கல்விச் சுற்றுலா வந்த மாணவர்கள் சென்ற பேருந்து, வேன் ஒன்றுடனும் முச்சக்கர வண்டி ஒன்றுடனும் மோதிற்று. வேனிலிருந்த அறுவரும் முச்சக்கர வண்டிச் சாரதியுமாக எழுவர் உயிரிழந்தனர். எவரையும் குற்றஞ் சாட்டும் நோக்கத்தோடு இதைச் சொல்லவில்லை. அவ்வீதியின் செங்குத்தை அறிந்த ஊரவன் என்ற முறையிற் சொல்கிறேன். தூரத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்தலாம்; பாதுகாப்பை மிச்சப்படுத்தலாகாது. மற்றத் தோல்விகளை எழுதி வைத்துத் திருத்திக்கொள்ளலாம். இந்தத் தோல்விக்கு மறுமுறை என்பது இல்லை. ஆகவே எங்கள் கொப்பியின் முதற் பக்கத்தில், இரவு வேளையில் மலை வீதியிற் பிள்ளைகளை ஏற்றிய வாகனம் செல்லலாகாது என்று எழுதியிருக்கிறோம். அதனால் ஒரு நாட் தங்குமிடச் செலவு கூடுகிறது, கூடட்டும். அதையும் சேர்த்தே பெற்றோரிடம் முதலிற் சொல்கிறோம்.

தோல்வியே வெற்றிக்குப் படி என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தோல்வி தானாகவே எவரையும் உயர்த்துவதில்லை. எழுதி வைக்கப்பட்டு, அடுத்தவர் கைக்குக் கொடுக்கப்பட்ட தோல்வியே படியாகும்; மறைக்கப்பட்டது இருட்டிற் கிடக்கும் கல். முதலில் இடறியவன் எழுந்து போய்விடுவான். பின்னால் வருபவன் அதிலேயே இடறுவான்.

இன்று அதிபராக இருக்கும் நான், சுற்றுலா முடித்து வரும் இளம் ஆசிரியர்களிடம், பயணம் இனிதாக இருந்ததா என்று முதலிற் கேட்பதில்லை. எங்கே கணக்குத் தவறிற்று என்றே கேட்கிறேன். எங்குமே தவறவில்லை என்று எவரேனும் சொன்னால், என் பழைய அறிக்கையை எடுத்து அவரிடம் படிக்கக் கொடுக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் அப்படியொரு கொப்பி இருக்கட்டும். அடுத்த பயணத்தில் எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே சரியாகச் சொல்லக்கூடியவர் வீட்டுக்கு ஒருவரேனும் இருக்கட்டும்.